கழுவும் கைக்கு ஓர் இருக்கை

(காங்கேயத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் மாதிரிகளைக் காட்டிப் பேசிய சில பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



மாட்டுக்குப் பெயர்போன ஊர் இது. வண்டி பூட்டிய காலத்தில் வளர்ந்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நுகத்தடி உராய்ந்து காளையின் கழுத்து புண்ணாகிவிட்டால் ஆசாரி என்ன செய்வார்? நுகத்தடியை வாங்கி, எந்த இடம் அழுத்துகிறது என்று கையால் தடவிப் பார்த்து, அந்த இடத்தை இழைத்துக் கொடுப்பார். மாடு மரத்துக்குப் பழகிக்கொள்ளட்டும் என்று யாரும் விட்டதில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியியல் மாணவர்களுக்குப் பொருள் வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவன். அந்தப் பாடத்தின் முதல் வரி எனக்குக் கிடைத்தது ஆசாரிப் பட்டறையில்.

மாட்டின் கழுத்துக்குக் காட்டிய அந்த அக்கறையை நாம் தினமும் உட்காரும் ஓர் இருக்கைக்குக் காட்டவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் இருக்கும் வளையத்தைச் சொல்கிறேன். கடையில் கேட்டால் ‘சீட் கவர்’ என்று எடுத்துக் கொடுப்பார்கள்.

என் அம்மிச்சி எழுபது வயது வரை தோட்டத்துச் சாளையில் இருந்தவர். முழங்கால் மடங்காமல் போனபிறகு அவருக்காகவே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். ஒரு வாரம் போனார். அப்புறம் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தியன் டாய்லெட்டுக்கே போக ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அது எப்பப் பாத்தாலும் ஈரமாக் கெடக்குது கண்ணு. ஆரு ஊத்துன தண்ணியோ, அதுமேல எப்படி உக்காருவேன்?” என்றார். நான் துணியை எடுத்துத் துடைத்துக் காட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்தார், போகவில்லை. கல்யாணம் காட்சி என்று வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார். அவர் சொன்ன ‘ஈரம்’ என்கிற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உலக மக்களைச் சுகாதாரத் துறையினர் இந்த ஒரு விஷயத்தில் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: துடைப்பவர்கள், கழுவுபவர்கள். நாம் கழுவுபவர்கள். நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த இருக்கையோ துடைப்பவர்களுக்காகச் செய்தது. தண்ணீரே படாது என்று எண்ணிச் செய்த பொருளின் மேல் தினமும் பத்து முறை தண்ணீரை ஊற்றிவிட்டு, சுத்தமாக இல்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பழக்கத்தைக் குறை சொல்லாமல் பொருளைத் திருத்த வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

1. வந்த வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக் கைவினைஞர், குழாயை வளைத்து அந்த வளைவில் தண்ணீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ‘வாட்டர் சீல்’ என்று சொல்வது அதன் வழிவந்ததுதான். அந்தக் காலத்துக் கோப்பைகளை மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே மரப்பலகையில் துளையிட்டு உட்கார்ந்தார்கள். உலர்ந்த அறையில், உலர்ந்த பலகை. பெட்டி போய்விட்டது, பலகை மட்டும் வளையமாகச் சுருங்கிக் கோப்பையின் மேல் தங்கிவிட்டது.

அது நம் நாட்டுக்கு வந்தபோது ஒரு சமரசம் பிறந்தது. கோப்பையின் விளிம்பை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் பாதம் வைக்க வரியிட்ட இடம் விட்டார்கள். ‘ஆங்கிலோ இந்தியன்’ என்று இன்றும் கடைகளில் அந்தப் பெயரிலேயே கிடைக்கிறது. சீட்டை இறக்கினால் உட்காரலாம், தூக்கினால் மேலே ஏறிக் குந்தலாம். நம் உடம்பை எண்ணிப் பார்த்த யாரோ செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் கால் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் தொடை வைக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்கிறவர் அந்த உயரத்தில் ஏறிக் குந்தவும் முடியாது. இரண்டு பேரையும் ஒரே பொருளில் சேர்க்கப் பார்த்து, இரண்டு பேருக்கும் பாதியை மட்டும் கொடுத்தது.

2. ஈரம் எங்கே தங்குகிறது

சீட்டை ஒருநாள் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் குவிந்து வளைந்திருக்கும். ஊற்றிய தண்ணீரில் பாதி உள்ளே வழியும், மீதி வெளியே வழிந்து விளிம்பின் அடியில் ஓடும். மலிவான சீட் என்றால் அடிப்பக்கம் கூடாக, குறுக்குத் தடுப்புகளோடு இருக்கும். பிளாஸ்டிக்கை மிச்சம்பிடிக்க அப்படி வார்க்கிறார்கள். அந்தத் தடுப்புகளின் மூலையில் நிற்கும் தண்ணீருக்கு வெளியேற வழியே கிடையாது. சீட் கோப்பையில் இடிக்காமலிருக்க வைக்கும் நாலு ரப்பர் புஷ்கள் ஒரு சின்ன இடைவெளியை உண்டாக்குகின்றன. தண்ணீர் உள்ளே புக அது போதும், காய்வதற்குப் போதாது. பின்பக்கம் கீல் இருக்கும் இடத்தில் இரண்டு திருகுகள், அவற்றைச் சுற்றிக் கட்டைவிரல் நுழையாத சந்து. மஞ்சள் கறை முதலில் பிடிப்பதும் கடைசிவரை போகாததும் அங்கேதான்.

இனி நாம் கழுவும் விதத்தைப் பாருங்கள். வலக்கையில் கப்போ ஹெல்த் பாசெட்டோ, இடக்கை உள்ளே. குந்தியிருக்கும்போது தொடைகள் விலகி உடம்பு முழுக்கத் திறந்திருக்கும், கைக்குத் தடையில்லை. வளையத்தில் உட்காரும்போது நாம் அதன் ஓட்டையை நாமே அடைத்துவிடுகிறோம். கையை விட வேண்டுமானால் ஒரு பக்கமாகச் சாய வேண்டும், அல்லது முன்னால் எழ வேண்டும். அந்தச் சாய்வில்தான் தண்ணீர் சீட்டில் கொட்டுகிறது. அவசரத்தாலும் அலட்சியத்தாலும் கொட்டுவதாக நினைக்கிறோம். எத்தனை நிதானமான ஆளாக இருந்தாலும் கை போக இடமில்லாத இடத்தில் தண்ணீர் வெளியேதான் விழும்.

நம் பகுதிக்கென்று இன்னொரு துன்பம் உண்டு. கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் புழக்கத்துக்கு போர்வெல் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். அது காயும் இடமெல்லாம் வெள்ளைப் படலம் விடும். பக்கெட்டில் பார்க்கிறோம், டைல்ஸில் பார்க்கிறோம். அந்தப் படலம் சொரசொரப்பானது, அழுக்கு அதைப் பற்றிக்கொள்ளும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுகிறோம். ஆசிட் உப்பைக் கரைக்கும்போதே கீலின் இரும்பையும் தின்கிறது, தரைச் சந்தின் சிமெண்டையும் அரிக்கிறது. வன்மையான பொடியும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் சீட்டின் பளபளப்பு போய்விடும். பளபளப்பு போன இடத்தில் அடுத்த கறை இன்னும் சீக்கிரம் ஏறும். ஆண்டுக்கொரு சீட் மாற்றும் வீடுகள் எனக்குத் தெரியும். மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் வீடுகள் அதைவிட அதிகம்.

இந்த ஆசிட்டை ஊற்றித் தேய்க்கும் கை யாருடையது என்பதையும் இந்த அவையில் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் அது பெண்ணின் கை. கல்யாண மண்டபத்திலும் மில்லிலும் பேருந்து நிலையத்திலும் அது கூலிக்கு வந்த ஒருவரின் கை. கீல்சந்தில் பிரஷ் நுழையவில்லை என்றால் அவர் விரலால் துழாவுகிறார். அந்தச் சந்து வரைபடத்திலேயே இருந்தது. அதை வரைந்தவர் ஒருநாளும் அதைத் தேய்த்திருக்க மாட்டார்.

3. அச்சம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்

சீட்டில் உட்கார்ந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் அஞ்சுகிறோம். தொடையின் தோல் நல்ல அரண். காயமில்லாத தோல் வழியாக வயிற்றுநோய் உள்ளே போவதில்லை. அது போகும் வழி கை, கையிலிருந்து வாய். ஆகவே கதவுத் தாழ்ப்பாளும் குழாய்த் திருகும் ஹெல்த் பாசெட்டின் பிடியும் சீட்டைவிடக் கவனிக்க வேண்டியவை. இன்னொன்று, பிளஷ் செய்யும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத திவலைகள். சார்லஸ் கெர்பா என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய தோழர்களும் 1975இலேயே இதை அளந்து எழுதினார்கள். கோப்பையிலிருந்து கிளம்பும் துளிகளில் கிருமிகள் இருந்தன, அவை அறையின் பல இடங்களில் படிந்தன. மூடியை இறக்கிவிட்டு பிளஷ் செய்தால் பெரிய துளிகள் வெளியே தெறிப்பது குறையும், நுண்ணிய துளிகள் சந்து வழியாகக் கொஞ்சம் வரத்தான் செய்யும். மூடி இருக்கும் வீடுகளில் எத்தனை பேர் அதை இறக்குகிறோம்? அது எப்போதும் நனைந்திருப்பதால் தொடவே மனம் வருவதில்லை. இங்கும் ஈரம்தான் தடை.

இந்த அச்சத்தைப் பெண்கள் உடம்பில் சுமக்கிறார்கள். பொதுக் கழிப்பறையில் சீட்டில் படாமல், பாதி குனிந்து, தொடையை இறுக்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்பதைப் பெண்கள் நன்றாக அறிவார்கள். பிரிட்டனில் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு வந்தவர்களிடம் நடத்தி 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 85 விழுக்காட்டுப் பெண்கள் பொதுக் கழிப்பறையில் இப்படித்தான் செய்வதாகச் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது சிறுநீர் வெளியேறும் வேகம் சராசரியாக 21 விழுக்காடு குறைந்திருந்தது. சிறுநீர்ப்பையிலேயே தங்கிவிடும் சிறுநீரின் அளவு 149 விழுக்காடு கூடியிருந்தது. அது துடைக்கிறவர்களின் நாடு, அங்கேயே இந்த நிலை. நம் ஊர் ஈரச் சீட்டில் அதன்மேல் விரிக்கும் காகித உறையும் நனைந்து கூழாகிவிடும், தெளிக்கும் ஸ்பிரேயும் வழிந்தோடிவிடும். நோயைக் கொடுக்காத இருக்கை என்பது மட்டும் போதாது. நம்பி உட்காரத் தகுந்தது என்று ஒரு பார்வையிலேயே தெரிய வேண்டும். அம்மிச்சி கேட்டதும் அதைத்தான்.

4. முழங்காலும் குடலும்

குந்தி உட்காருவதே உடம்புக்கு உகந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியை ஒரு தசை கயிறுபோலச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் அந்த இழுப்பில் குடல் மடங்கியிருக்கும். குந்தினால் தசை தளர்ந்து வழி நேராகும். இஸ்ரேல் நாட்டு மருத்துவர் டோவ் சிகிரோவ் 28 நலமான ஆட்களை மூன்று நிலைகளில் சோதித்து 2003இல் எழுதினார். குந்தியபோது சராசரியாக 51 வினாடி, தாழ்ந்த இருக்கையில் 114, வழக்கமான உயரத்தில் 130. சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் திசை நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கட்டடக் கலை வல்லுநர் அலெக்சாண்டர் கிரா, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு ஆராய்ந்து 1966இல் குளியலறை பற்றி எழுதிய புத்தகத்திலும் வழக்கமான கோப்பை மனித உடம்புக்கு அளவுக்கு மீறி உயரம் என்றே சொன்னார்.

ஆனால் இந்த வாதத்தைக் கொண்டுபோய் முழங்கால் தேய்ந்த ஒரு பெண்மணியிடம் சொல்ல முடியாது. காடு மேடெல்லாம் களை வெட்டியும் குனிந்து கடலை பொறுக்கியும் தேய்ந்த முழங்கால் அது. மூட்டு மாற்று அறுவை செய்தவர்களிடம் குந்தவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிடுகிறார்கள். எழுந்திருக்க இருக்கை உயரமாக இருக்க வேண்டும். ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகள் 450 மில்லிமீட்டர், அதற்கும் சற்று மேல் என்று உயரம் சொல்கின்றன. அந்த உயரத்தில் நம் ஊர்க் குள்ளமான பாட்டி உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாது. கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் வளையத்தின் விளிம்பில் அழுந்தும், மரத்துப்போகும். குடலுக்குத் தாழ்வு வேண்டும், முழங்காலுக்கு உயரம் வேண்டும். இந்த முரணுக்கு ஓர் எண்ணைச் சொல்லித் தீர்வு காண முடியாது.

மக்கள் தாங்களாகவே தீர்வு தேடியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ரம்பத்தால் ஓட்டை போட்டு, குந்தி உட்காரும் ஒரிசா பேனுக்கு மேலே வைத்துக்கொள்ளும் வீடுகளை இந்த வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் கமோடு ஸ்டூலும் அந்த யோசனைதான். அந்த ஸ்டூலில் மூன்று குறைகள். விழும் உயரம் கூடுவதால் தெறிக்கிறது. கால்கள் ஈர டைல்ஸில் வழுக்குகின்றன. எழும்போது பிடிக்க ஒன்றுமில்லாமல் கதவையோ குழாயையோ பிடித்து இழுக்கிறார்கள். எனக்கு நெருங்கிய ஒரு பெரியவர் அப்படிக் குழாயோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவில்லை.

5. கழுவுபவர்களுக்கென்று செய்தவர்கள்

நம்மால் முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம், பேனின் சரிவை 28 முதல் 30 டிகிரிவரை செங்குத்தாக்கி, வாட்டர் சீலை 20 மில்லிமீட்டராகக் குறைத்தது. பத்து லிட்டர் கேட்ட இடத்தில் ஒன்றரை, இரண்டு லிட்டரில் வேலை முடிந்தது. தண்ணீரைத் தூக்கி வரும் பெண்ணை நினைத்து வரைந்த சரிவு அது.

அதைவிட என் வாதத்துக்கு நெருக்கமானது திருச்சி மாவட்டத்து முசிறி. சிறுநீரையும் மலத்தையும் பிரித்து உரமாக்கும் உலர் கழிப்பறை துடைக்கும் நாடுகளில் வளர்ந்தது. அதில் தண்ணீர் விழுந்தால் உரக்குழி கெட்டுவிடும். திருச்சி ஸ்கோப் தொண்டு நிறுவனம் அதை இங்கே கொண்டுவந்தபோது மக்களைப் பார்த்துக் கழுவாதீர்கள் என்று சொல்லவில்லை. கழுவுவதற்கென்று பேனிலேயே தனி இடம் விட்டு, அந்தத் தண்ணீரைத் தனியாக வெளியே எடுத்தார்கள். முசிறியில் அப்படிக் கட்டிய பொதுக் கழிப்பறையில், பயன்படுத்துகிறவருக்கே ஒரு முறைக்கு 10 பைசா கொடுத்த செய்தி அப்போது வெளிநாடுவரை பேசப்பட்டது. காசைவிட அந்தத் தனிக்குழிவு பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

ஜப்பானின் டோட்டோ நிறுவனம் 1980இல் ‘வாஷ்லெட்’ என்று தண்ணீர் பீய்ச்சும் சீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் எந்த இடத்தில் படவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சீட்டில் கம்பி கட்டி, தங்கள் ஊழியர்கள் முந்நூறு பேருக்கு மேல் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் அந்த இடம் எது என்று குறிக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் பலர், பெண்கள் குறிப்பாக, கூசினார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். அப்படிக் கிடைத்ததே 43 டிகிரி என்ற கோணம். துடைக்கப் பழகிய நாடு ஒன்று கழுவ விரும்பியபோது இவ்வளவு பாடுபட்டது. தலைமுறை தலைமுறையாகக் கழுவும் நாம் நமக்கென்று ஒரு கோணத்தையும் அளக்கவில்லை.

6. நான் கேட்கும் இருக்கை

மின்சாரமும் மோட்டாரும் வேண்டாம். போர்வெல் உப்பில் மெல்லிய பீச்சாங்குழல் சீக்கிரமே அடைத்துப்போகும். நான் கேட்பது ஒரு வார்ப்பு.

முன்பக்கம் திறந்த லாட வடிவம் வேண்டும். அமெரிக்காவில் பொதுக் கழிப்பறைச் சீட்டுகள் பல காலமாக இப்படித்தான் இருக்கின்றன. அவர்களுக்கு அது சுகாதாரத்துக்காக, நமக்குக் கை போகும் வழியாகவும் ஆகும். மேற்பரப்பு முழுக்க உள்நோக்கி மட்டும் சாய வேண்டும். வெளி விளிம்பில் நம் வீட்டுத் திண்ணை ஓரம்போல ஒரு சின்ன மேடு வைத்தால் தண்ணீர் வெளியே இறங்காது. அடிப்பக்கம் கூடு இல்லாமல் மூடியிருக்க வேண்டும். கீல் இரும்புத் திருகு இல்லாததாக, ஒரு அழுத்தில் சீட் மொத்தமும் கையோடு வருவதாக இருக்க வேண்டும். குழாயடியில் வைத்துக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். நம் ஊரில் குறையில்லாமல் கிடைப்பது வெயில்தான். கழற்றும் கீல் இப்போதே விலை உயர்ந்த சீட்டுகளில் வருகிறது. அது மலிவான சீட்டுக்கு இறங்கி வர வேண்டும். கிருமி கொல்லும் பூச்சு என்று விளம்பரம் செய்கிறார்கள். தேய்க்க முடியாத சந்தை வைத்துக்கொண்டு பூச்சு பூசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உயரத்தின் முரணுக்கு, இருக்கையை உயரமாக வைத்துவிட்டு, பாதத்துக்குக் கீழே வழுக்காத ஒரு பலகை கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்வரை பாதம் அதன்மேல், முழங்கால் சற்று மேலே. எழும்போது பாதத்தைத் தரைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கக் கைப்பிடியை ஊன்றி எழலாம். பலகை காலில் தட்டாமல் தானாகப் பின்னே நகர வேண்டும். அதற்கான வழியில் என் மாணவர்கள் இன்னும் திணறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேடையில் இருக்கும் மூன்றாவது மாதிரியில் அது பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது.

பம்புசெட் செய்யும், வார்ப்பாலைகள் நிறைந்த மண்டலம் இது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றிய பெண்ணின் தோள்வலியை எடுத்து மோட்டாரிடம் கொடுத்த கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. பெண்கள் பேசவே கூசிய மாதவிடாய்த் தேவைக்கு அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் இயந்திரம் செய்தது இதே கோவையில்தான். அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூச்சத்தைத் தாண்டி அளந்தால் பொருள் பிறக்கும் என்று காட்டிய ஊர்க்காரர்களிடம்தான் கேட்கிறேன்.

இந்தியர்களின் உடல் அளவுகளை தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் புத்தகமாக வெளியிட்டது. என் மேசையில் எப்போதும் இருக்கும் புத்தகம். ஆனாலும் அறுபது வயது தாண்டிய, காட்டு வேலை செய்து முழங்கால் தேய்ந்த நம் பகுதிப் பெண்களின் அளவை நாமே எடுத்தால் ஒழிய இந்தப் பலகையின் உயரத்தை என்னால் முடிவு செய்ய முடியாது. அரங்கத்தின் பின்வாசல் பக்கத்து அறையில் ஒரு பெஞ்சும் அளவுப் பலகையும் வைத்து இரண்டு மாணவிகள் காத்திருக்கிறார்கள். அங்கே ஆண்கள் யாரும் வர மாட்டார்கள். மாணவிகள் பேர் கேட்க மாட்டார்கள், வயதும் முழங்கால் மடிப்பின் உயரமும் மட்டும் குறித்துக்கொள்வார்கள். அம்மாமார்கள், ஆத்தாமார்கள் காபி குடித்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் வந்து போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், பாதம் முழுக்கத் தரையில் பதியட்டும்.